ரயில் என்ஜினுக்கு ஐந்து ஜரிகைக் கோடுகள்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கரும்பச்சை நிறத்தில் ஒரு ரயில் என்ஜின் இருக்கிறது. நீளம் ஒரு சாணும் நாலு விரலும். வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளின் பொம்மை என்று நினைத்துக் கையில் எடுக்கப் போவார்கள். நான் எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்துவேன். கோபம் வரும். பொம்மை என்று சொன்னதற்காக இல்லை. அட்டையும் பசையும் பழைய மோட்டாரும் சேர்ந்த பொம்மைதான் அது. கோபம் என் மேல். இந்த என்ஜினை முழுசாக முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று என் சிநேகிதன் ஒருவன் ஆசைப்பட்டான். அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு இல்லாவிட்டாலும் கைக்காவது அது தெரிய வேண்டும் என்று நினைத்தான். இரண்டையும் கெடுத்தவன் நான்.

ஆரணியில் ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்று பலகை வைத்த ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. பெயரை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ரயிலை அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரில் கேலி பேசுவோம். அதுவும் தொண்ணூறுகளில் மீட்டர் கேஜ் பாதைதான். ஒரு டீசல் என்ஜின் சில பெட்டிகளை இழுத்துக்கொண்டு போளூர்ப் பக்கம் முக்கி முனகிப் போகும். மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் என்ஜினைப் பார்க்க வேண்டுமானால் வேலூர் தாண்டிக் காட்பாடிக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் மூன்று பேருக்கு மின்சார என்ஜின் பைத்தியம் பிடித்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

முதல் பைத்தியம் நான். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளில் மயிலையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறினால் புடவையில் மயில் இறங்கும். ஒரு கட்டம் பிசகினால் மயிலுக்குக் கண் இருக்காது. அதனால் எனக்குக் கோடு கோணினால் சோறு இறங்காது. இதைப் பெருமையாகத்தான் அப்போது சொல்லிக்கொள்வேன்.

இரண்டாவது பைத்தியம் அவன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பாவு பிணைக்கிற வேலை. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் விரித்துக் கட்டிய இழைகள். ஒரு பாவு தீர்ந்ததும் அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லிசு. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தான் என்றால் முகம் எங்கேயோ பார்க்கும், வாய் ஊர்க்கதை பேசும், விரல் மட்டும் வேலையில் இருக்கும். அறுந்த இழை எது, இரட்டையாகச் சேர்ந்த இழை எது என்று தொட்டே சொல்லுவான். நான் கண்ணால் பிழைத்தவன், அவன் விரலால் பிழைத்தவன். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துக் காட்பாடிக்குப் போவோம். பிளாட்பாரக் கோடியில் நின்று மின்சார என்ஜின்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம். அவனுக்கு அவற்றின் சத்தம் பிடிக்கும், உருவம் பிடிக்காது.

"பெட்டிக்கு சக்கரம் வச்சா மாதிரி கீதுடா" என்பான்.

மூன்றாவது ஆள் வங்கியில் வேலை பார்த்தவர். பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஜைனக் குடும்பம். தங்கை கல்யாணப் புடவைக்கு டிசைன் சொல்ல என்னிடம் வந்தார். என் மேசையில் கட்டத் தாளில் நான் வரைந்து வைத்திருந்த காட்பாடி என்ஜினைப் பார்த்ததும் புடவையை மறந்துவிட்டார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். அங்கிருந்து அனுப்பிய சின்ன ரயில் பாதை அவர் வீட்டு மாடியறையில் பெரிய பலகை மேல் வளைந்து கிடந்தது. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்பது அதன் அளவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடுவோம். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் ஐந்தரை மணிக்கெல்லாம் எங்களைக் கிளப்பிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. பழைய காலத்து மின்சார என்ஜின்களின் படங்கள். காற்றை வழுக்கிக்கொண்டு போவதற்காக உடம்பை வளைத்துச் செய்தவை. ஒன்றுக்குத் தட்டையான மூக்கு, ஒன்றுக்கு வழுக்கைத் தலை. பார்த்தோம், மதித்தோம், பக்கத்தைத் திருப்பினோம். திரும்பத் திரும்ப வந்து நின்றது ஒரே ஒரு பச்சை என்ஜினிடம்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓடியது அது. டிரைவர் அறை நடுவில். அங்கிருந்து இரண்டு பக்கமும் நீளமான மூக்கு சரிந்து இறங்கும். முன்னால் பின்னால் என்ற பேச்சே கிடையாது, எந்தப் பக்கமும் அதற்கு முன்பக்கம்தான். உடம்பில் ஓர் ஆணித்தலை கண்ணுக்குத் தெரியாது. முதலில் செய்த ஒன்றில் ஆணிகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு இருந்தனவாம். பிறகு தகட்டைப் பற்றவைத்து வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஐந்து தங்கக் கோடுகள். மூக்கு நுனியில் ஒன்றாகக் கூடி நிற்கும். அங்கிருந்து விரிந்து, பக்கவாட்டில் ஒரே இடைவெளியில் நீள ஓடி, மறுபக்க மூக்கில் மறுபடி கூடும்.

வங்கிக்காரர் சொன்னார்: "காத்த கிழிக்கறதுக்குன்னு வளைச்சாங்கன்னு எழுதிகிறாங்க. நெஜமா காத்துக்கு எவ்ளோ பிரயோஜனமோ தெரியாதுங்க. எனக்கென்னமோ அழகுக்குத்தான் செஞ்சிகிறாங்கன்னு தோணுது."

என் சிநேகிதன் படத்தின் மேல் விரலை வைத்துக் கோட்டோடு ஓட்டிக்கொண்டே போனான். "பாவு விரிச்சா மாதிரியே கீதுடா" என்றான். அன்றைக்கே முடிவாகிவிட்டது. இதை நாங்களே செய்வது என்று.

தேய்ந்து கழித்துப் போட்ட டிசைன் அட்டைகள் என்னிடம் கட்டுக் கட்டாகக் கிடந்தன. தறி வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் மரத்தில் அச்சு செதுக்கி வாங்கினோம். அதன் மேல் அட்டையை நனைத்து நனைத்து, மைதாப் பசை தடவி, படிப்படியாக ஒட்டினோம். ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தோம். எவளோ கட்டிக் கிழித்த புடவையின் மயில் அந்த என்ஜினுக்குள் இருக்கிறது. மோட்டாரும் சக்கரங்களும் வங்கிக்காரரின் உடைந்துபோன இரண்டு என்ஜின்களிலிருந்து கழற்றியவை.

ஒரு வருஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஐந்து வருஷம் ஆனது. காரணம் நான்தான். மூக்குச் சரிவு ஒரு நூல் கூடுதலாக இருக்கிறது என்று இரண்டு முறை உடம்பைப் பிரித்தேன். பச்சை போதவில்லை என்று ஒருமுறை, கறுப்பு அதிகம் என்று ஒருமுறை, பெயின்ட்டைச் சுரண்டினேன். நிஜ என்ஜினின் பச்சை கிட்டத்தட்டக் கறுப்பு, வெயிலில்தான் பச்சை என்று தெரியும். அந்தப் பச்சையைப் பிடிக்கவே ஆறு மாதம் சண்டை போட்டோம். அந்த இரண்டு பேரும் பொறுமைசாலிகள். எனக்குப் பொறுமை என்ற பெயரில் இருந்தது பிடிவாதம்.

அவனுக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, அதை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? அது கண்ணுக்குள் போய்விட்டது எனக்குத் தெரியாது. கண்ணின் பின்பக்கம் ரத்தம் கசிகிறது என்று வேலூரில் டாக்டர் சொல்லியிருக்கிறார். லேசர் வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ஒரு கண் மங்கி, மற்றதும் அதன் பின்னால் கிளம்பிவிட்டது. அவன் இதை மனைவியிடம் மட்டும் சொன்னான். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். கண் தெரியாதவனிடம் எந்தத் தறிக்காரர் பட்டுப் பாவைக் கொடுப்பார்? அவன் கண்ணே இல்லாமல் பிணைப்பான் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். விரலை நம்பிக் குடும்பம் ஓடியது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய அவசரம் மட்டும்தான்.

"ஜல்தி முடிடா. சும்மா பேஜார் பண்ணிகினு கீற" என்பான்.

"உனுக்கு இன்னாடா அவசரம்? எஞ்சினுக்கு மாப்ள பாத்துகினு கீறியா?" என்பேன். அவன் சிரிப்பான்.

ஐந்தாவது வருஷம் ஆடி மாதம். பெயின்ட் முடிந்து, ஐந்து கோடுகள் மட்டும் பாக்கி. ரூலிங் பேனாவில் தங்கப் பெயின்ட் நிரப்பி நான்தான் போடுவதாகப் பேச்சு. வளைவில் கோடு போட எனக்குக் கை வரவில்லை. பழகிக்கொண்டு போடுகிறேன் என்று நாலு மாதம் கடத்தியிருந்தேன். நடுவில் என்ஜினை மாடியறையில் விட்டுவிட்டு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு பத்து நாள் படவேடு போய்விட்டேன். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மாடியறைக்குப் போனால் அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். பலகை மேல் என்ஜின் நின்றது. ஐந்து கோடுகளோடு.

ஜரிகை. புடவையில் போகிற ஜரிகை இழையை இழுத்து ஒட்டியிருந்தான். மூக்கு நுனியில் ஐந்தும் கூடி, விரிந்து, பக்கவாட்டில் ஓடி, மறுபக்கம் கூடின. இடைவெளியில் ஒரு மயிரிழை பிசகு இல்லை. வளைவில் நான் நாலு மாதம் பயந்த இடத்தில் ஐந்தும் வழுக்கிக்கொண்டு திரும்பின.

"ஓட்டுங்க சார்" என்றான் வங்கிக்காரரிடம்.

அவர் சுவிட்சைத் திருப்பினார். என்ஜின் கிளம்பியது. ஜன்னல் வெயில் பலகையில் ஓரிடத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்ஜின் அதைத் தாண்டும்போதெல்லாம் ஐந்து இழைகளும் மின்னின. அவன் குந்தி உட்கார்ந்து, முகவாயைப் பலகையின் விளிம்பில் வைத்து, அந்த வெயில் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜின் அங்கே வரும்போது "இதோ" என்பான். மறுபடி சுற்றி வரும்போது "இதோ". மற்ற இடங்களில் அது போவது அவனுக்குத் தெரியவே இல்லை என்பது எனக்குத் தெரியாது. குழந்தைத்தனம் என்று நினைத்தேன்.

என்ஜின் நின்றது. எனக்கு எரிந்தது. நான் போட வேண்டிய கோடு. என்னால் முடியாத வளைவு. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக நான் கேலியில் இறங்கினேன்.

"இன்னாடா, ரயிலுக்குப் புடவ கட்டிட்ட? முந்தான எங்க?"

வங்கிக்காரர் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு, "நல்லாத்தாங்க கீது. விட்ருங்க" என்றார்.

நான் விடவில்லை. அளவுக் கணக்கை எடுத்தேன். நிஜ என்ஜினில் கோடு என்பது வெறும் பெயின்ட், உடம்போடு உடம்பாக இருக்கும். இந்த ஜரிகை மேலே தடித்துக்கொண்டு நிற்கிறது. இதை எண்பத்தேழு மடங்கு பெருக்கினால் என்ஜினைச் சுற்றிக் கயிறு கட்டியது போல இருக்கும் என்று விளக்கினேன். கணக்கு சரி. அதைப் போலக் கேவலமான சரியான கணக்கை என் வாழ்க்கையில் நான் போட்டதில்லை.

"பெருக்கி யாருடா பாக்கப் போறாங்க?" என்றான் அவன்.

"நான் பாப்பேன்."

"ஒரு தபா தடவிப் பாருடா."

"கோடு கண்ணால பாக்கறதுக்குடா. தடவறதுக்கு இல்ல."

அவன் ஜரிகை மேல் ஒருமுறை பெருவிரலை ஓட்டினான். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்" என்றான். மோர் வந்தது. குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

என்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளேடால் ஜரிகையை எடுத்தேன். ஒவ்வோர் இழையும் முழுசாக வந்தது, எங்கேயும் அறவில்லை. குப்பையோடு கூட்டித் தள்ளினேன்.

சில மாதங்களில் வங்கிக்காரருக்கு மாற்றல் வந்தது. பாதையைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தெற்கே போனார். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. நான் என் அறையில் கோடு போட்டேன், அழித்தேன், போட்டேன். அவனை எப்போதாவது கடைத்தெருவில் பார்ப்பேன். முடிந்ததா என்று அவன் கேட்பதில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்து நானும் கிட்டே போகவில்லை. ஆடியிலிருந்து இப்படியே ஆறு மாதம்.

கோடுகள் முடிந்தன. குறை சொல்ல முடியாத கோடுகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்தியானேன். அவனிடம் கொண்டுபோய்க் காட்டிச் சமாதானம் ஆகிவிடலாம் என்று இருந்த வாரத்தில்தான் அது நடந்தது. டிசைன் கொடுக்கக் கண்ணமங்கலம் போயிருந்தேன். திரும்ப வேலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வரிசையில் அவனும் அவன் மனைவியும். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நேரே என்னைப் பார்த்தபடி இருந்தான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் கோபமா என்று எனக்கும் முறைப்பு வந்தது. அப்போது அவன் மனைவி என்னைப் பார்த்துவிட்டு அவன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள்.

"எங்க?" என்று அவன் தலையைத் திருப்பினான். நான் இருந்த பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம்.

ஆரணி வரும்வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் என்ஜினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருந்தான். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ஜினை அவன் கையில் வைத்தேன்.

மடியில் வைத்து, மூக்கு நுனியிலிருந்து விரலை நகர்த்தினான். ஓரிடத்தில் நின்று திரும்பி வந்தான். "இங்க அட்ட ஒட்டு ஏறிகிதுடா" என்றான். ஐந்து வருஷம் உப்புக் காகிதம் போட்டு நான் மறைத்த ஒட்டு. என் பூதக்கண்ணாடிக்குத் தெரியாதது. பிறகு விரல் பக்கவாட்டில் இறங்கியது. மேலே போனது, கீழே வந்தது. திருப்பி வைத்து அடுத்த பக்கமும் பார்த்தான்.

"கோடு எங்கடா?"

"கீதுடா. அஞ்சும் கீது. தங்கப் பெயின்ட்."

"எங்க?"

அவன் விரலைப் பிடித்து முதல் கோட்டின் மேல் வைத்து ஓட்டினேன். "இதான்" என்றேன். விரலெல்லாம் கண் இருந்தவன் அந்த வழவழப்பில் ஒன்றும் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தான்.

"நீ சொல்றதால கீதுன்னு நெனச்சுக்கணும்" என்றான். என்ஜினை மடியில் திருப்பி வைத்து, "எனுக்கு இதுவும் பெட்டிதாண்டா இப்ப" என்றான். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான்.

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் முதலில் கோபம் வரும். "அன்னிக்கே சொல்லி இருக்கக் கூடாதாடா? கண்ணு போவுது, அதான் ஜரிக ஒட்டனேன்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா நான் கைய வச்சிருப்பனா?"

"சொன்னா பாவம்னு வுட்டிருப்ப" என்றான். "கோடு நல்லா கீதுன்னு வுட்டாத்தாண்டா அது கோடு."

அவன் மனைவி வாசல் வரை வந்தாள். "அன்னிக்கு அந்த ஜரிகய அவுரு கண்ணால பாத்து ஒட்டலீங்கண்ணா. வெளக்குகூட போடல. எஞ்சின வூட்டுக்கு எடுத்தாந்து எட்டு நாளு கையாலயே ஒட்னாரு. கண்ணு போனா கையாவது பாத்துக்கும்னு சொன்னாரு" என்றாள். அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாளில் ஜரிகை ஒட்டிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது தை மாதம்.

ஜரிகை என் கைக்கு அடங்கவில்லை. பசை வைத்தால் இழை நகர்ந்தது, பசை குறைந்தால் வளைவில் எழும்பிக்கொண்டது. ஒன்று நேராக நின்றால் அடுத்தது அதன் மேல் சாய்ந்தது. பிய்த்தேன். மறுபடி ஒட்டினேன். பத்து நாள் ஒரு மாதம் ஆனது, மாதம் மாதங்கள் ஆனது. கோணலாக இருந்தால் என்ன? அவன் விரல் அந்தக் கோணலைத் தடவி என்னை ஆறு மாதம் கேலி செய்திருக்கும். எவ்வளவு நல்ல ஆறு மாதமாக இருந்திருக்கும் அது. ஆனால் அவன் ஒட்டியதை விட மட்டமாக ஒன்றை அவனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிராயச்சித்தத்தைக்கூடப் பந்தயமாகத்தான் செய்தேன்.

நடுவில் ஒருமுறை அவன் சொல்லி அனுப்பினான். "கொண்டுகினு வரச் சொல்லுங்க, நானே ஒட்டிக்கறேன்." அப்போது அவன் விரல் நன்றாக இருந்தது. தெரிந்த இரண்டொரு தறிக்காரர்கள் அவனை வீட்டிலிருந்து அழைத்துப்போய்ப் பாவு முன்னால் உட்கார வைத்தார்கள், அவனும் பிணைத்தான். நான் என்ன சொன்னேன்? "முடியப் போவுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

ஆனி முடிகிற நேரம் அவன் மனைவியைக் கோட்டை மைதானத்துப் பக்கம் பார்த்தேன். மருந்துக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"இப்ப வேலைக்குப் போறதில்லீங்கண்ணா. முறுக்குன இழ நிக்கல, அவுந்துகினே வருது. கொதிக்கிற காப்பி டம்ளர புடிச்சிகினே உக்காந்திருந்தாரு, கையெல்லாம் கொப்பளம், அவுருக்குத் தெரியல. வெரலு நுனி செத்துப்போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. சக்கர அங்கயும் வந்துட்ச்சாம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றே நாளில் ஒட்டி முடித்தேன். ஆறு மாதமாக முடியாதது மூன்று நாளில் முடிந்தது. வளைவில் இரண்டு இழைகள் உரசிக்கொண்டு போயின. நாலாவது கொஞ்சம் தளர்ந்திருந்தது. யாருக்கு வேண்டும்? மூச்சிரைக்கச் சைக்கிளை மிதித்தேன். டாக்டர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுகிறதா என்ன, அவன் விரல் சாதாரண விரலா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். காலில் கட்டு. மனைவி முதுகுக்குத் தலையணை வைத்து அவனைச் சாய்த்து உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"கொண்டாந்துட்டேண்டா" என்றேன்.

"ஜரிகயா?"

"ஜரிகதான். அஞ்சு."

கையை நீட்டினான். விரல் நுனிகளில் பழைய கொப்புளத் தழும்புகள். என்ஜினை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வலது கைப் பெருவிரலை அதன் மேல் வைத்து மெதுவாக ஓட்டினான். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போய்த் திரும்பினான். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒன்னு. ரெண்டு. மூணு." நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்பவன் போல இருந்தான். "நாலு. அஞ்சு. அஞ்சும் கீதுடா." முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா நேரா ஒட்டிகிற. நானு ஒட்னத விட நல்லா வந்துகிது. இப்பதாண்டா இது எஞ்சினு."

அவன் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது என்ஜினின் கூரை மேல். ஜரிகை பக்கவாட்டில் இருந்தது, அவன் நெஞ்சோடு ஒட்டி. கூரையில் கோடு எதுவும் கிடையாது. வெறும் பச்சைப் பெயின்ட்.

போன முறை போல விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வைத்தால் மட்டும் என்ன தெரியப் போகிறது? அவனுக்கே தெரிந்து எனக்காக எண்ணினானா, நிஜமாகவே ஐந்து இருப்பதாக நினைத்தானா, அதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஆடிக்கு அவன் இல்லை.

"ஆமாண்டா" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "அஞ்சும் கீதுடா."